கணக்கேட்டிலிருந்து அரசியல் சொல்லுக்கு: தாதாபாய் நௌரோஜியின் வாழ்வில் சில சொற்கள்

1. முன்னுரை

தாதாபாய் நௌரோஜி (1825-1917) இங்கிலாந்தில் குடியேறி வணிகம் செய்தவர். பின்னர் அந்நாட்டு வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் அமர்ந்தவர். இந்திய தேசிய காங்கிரசுக்கு மூன்று முறை தலைமை தாங்கியவர். அவரது வாழ்க்கை அரசியல் வரலாற்றாசிரியர்களாலும் பொருளியல் வரலாற்றாசிரியர்களாலும் விரிவாக எழுதப்பட்டுள்ளது. மொழியியல் நோக்கில் அது போதிய கவனம் பெறவில்லை. அவ்வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சொல் நிற்கிறது. சில சொற்கள் அவர் ஆக்கியவை. சில அவர்மீது எறியப்பட்டவை. சில பிறரிடமிருந்து பெற்று அவர் புதுப்பொருள் ஏற்றியவை. இச்சொற்களைத் தமிழில் எவ்வாறு பெயர்க்கிறோம் என்பது, அவர் சொன்னதை நம் வாசகர் எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே இக்கட்டுரை அவரது வாழ்க்கை வரலாற்றைக் காலமுறையில் கூறி, ஆங்காங்கே எதிர்ப்படும் சொற்களை மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராய முற்படுகிறது.

2. இளமையும் கல்வியும்

நவசாரியைப் பூர்விகமாகக் கொண்ட பார்சி புரோகிதர் மரபில் 1825ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். எழுத்தறிவில்லாத தாய் மாணெக்பாய் அவரை வளர்த்துக் கல்வி பெறச் செய்தார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் பயின்று, அங்கேயே கணிதமும் இயற்கை அறிவியலும் கற்பிக்கும் பேராசிரியரானார். அக்கல்விக்கூடத்தில் அப்பதவியை இந்தியர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.

பெண்களுக்கான பள்ளிகளைத் தொடங்குவதில் 1849இல் அவரும் நண்பர்களும் முன்னின்றனர். 1851இல் ‘ராஸ்த் கோஃப்தார்’ என்னும் குஜராத்தி இதழைத் தொடங்கினார். ‘உண்மை உரைப்போன்’ என்பது அப்பாரசீகத் தொடரின் பொருள். குஜராத்தி இதழுக்குப் பாரசீகப் பெயர் இட்டமை பார்சிச் சமூகத்தின் மொழிநிலையைக் காட்டுகிறது. வீட்டிலும் கடையிலும் வழங்கியது குஜராத்தி. வழிபாட்டில் ஒலித்தது அவெஸ்தா மொழி. பண்பாட்டு மதிப்புக்குரியதாக நின்றது பாரசீகம். முன்னேற்றத்தின் வாயிலாகத் திறந்தது ஆங்கிலம். இந்நான்கு மொழிகளுக்கிடையே வளர்ந்த ஒருவர், ஒரு சொல் இடம் மாறும்போது பொருளும் மாறும் என்பதை நூல்வழி கற்க வேண்டிய தேவை இல்லை.

3. வணிகரும் மொழிப் பேராசிரியரும்

1855இல் காமா நிறுவனத்தின் பங்காளராக அவர் இங்கிலாந்து சென்றார். பிரித்தானியாவில் நிறுவப்பட்ட முதல் இந்திய வணிக நிறுவனமாக அது கருதப்படுகிறது. லண்டனிலும் லிவர்பூலிலும் அது இயங்கியது. அபினி, மது ஆகியவற்றின் வணிகத்தால் வரும் ஆதாயத்தில் பங்குகொள்ள மனம் ஒப்பாமல் அவர் அதனின்று விலகி, 1859இல் தம் பெயரிலேயே பருத்தி வணிக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின் பருத்தி விலை சரிந்தது. பம்பாய் வணிகர் பலரைப் போலவே அவரும் பெரும் இழப்புக்கு உள்ளானார்.

அவர் வணிகராக இருந்த அதே காலத்தில், 1856 முதல் 1866 வரை, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் குஜராத்திப் பேராசிரியராகவும் இருந்தார். இந்திய ஆட்சிப் பணிக்கு லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது 1855இல். இந்தியாவை ஆளச் செல்வோர் இந்திய மொழிகளைக் கற்க வேண்டிய காலத்தில், ஆளப்படும் நாட்டினர் ஒருவர் ஆளும் நாட்டின் தலைநகரில் தம் தாய்மொழியைக் கற்பிக்கும் இருக்கையில் அமர்ந்திருந்தார். இவ்வமைவு அவரது பிற்கால வாதத்துக்கு அடித்தளமாயிற்று. மொழியைக் கற்றுக்கொண்டு ஆள வருவோரைவிட, மொழியோடு பிறந்தவர்கள் ஆட்சிக்குத் தகுதி குறைந்தவர்கள் ஆவது எங்ஙனம் என்பதே அவ்வாதம்.

மொழியியலார் கருதத்தக்க மற்றொரு நிகழ்ச்சி 1866இல் நடந்தது. மலாய் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதிய ஜான் கிராஃபர்ட், ஐரோப்பிய இனங்களையும் ஆசிய இனங்களையும் ஒப்பிட்டு, ஆசியர் அறிவிலும் ஒழுக்கத்திலும் தாழ்ந்தவர் என்னும் கருத்தை லண்டன் இனவியல் கழகத்தில் முன்வைத்தார். அதே கழகத்தில் நௌரோஜி அதற்கு மறுப்புரை நிகழ்த்தினார். ஆசிய மொழி ஒன்றில் ஆழ்ந்த புலமை பெற்ற ஒருவர், அம்மொழி பேசுவோரையும் உள்ளிட்ட ஒரு பெருங்கூட்டத்தைத் தாழ்ந்ததாகக் கருத முடிந்தது. மொழிப் புலமை மட்டுமே மதிப்பைத் தந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. வடிதலும் வடித்தலும்

நௌரோஜியின் பெயரோடு நிலைத்துவிட்ட கோட்பாடு, இந்தியாவின் செல்வம் ஈடின்றி இங்கிலாந்துக்குச் செல்கிறது என்பதாகும். 1867ஆம் ஆண்டு மே மாதம் கிழக்கிந்தியச் சங்கத்தில் படித்த கட்டுரையில் இதனைத் தொடங்கிவைத்தார். 1876இல் இந்தியாவின் வறுமை குறித்த கட்டுரையில் விரிவாக்கினார். 1901இல் வெளிவந்த நூலில் தம் முந்தைய எழுத்துகளைத் தொகுத்து நிறைவு செய்தார்.

இக்கோட்பாடு பிறந்த இடம் வணிகரின் பேரேடு. நூறு ரூபாய்ச் சரக்கை ஏற்றுமதி செய்யும் வணிகர், அடக்கமும் ஆதாயமும் சேர்ந்து அதனினும் கூடிய மதிப்புள்ள பொருளைத் திரும்பப் பெற வேண்டும். ஆதாயத்தோடு வணிகம் செய்யும் நாட்டின் கணக்கில் இறக்குமதியின் மதிப்பு ஏற்றுமதியின் மதிப்பை விஞ்சி நிற்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். இந்தியாவின் கணக்கிலோ ஏற்றுமதி மிகுந்தும் இறக்குமதி குறைந்தும் நின்றன. எஞ்சிய தொகை எங்கே சென்றது? ஓய்வூதியம், கடன் வட்டி, படைச்செலவு, அதிகாரிகள் தாயகத்துக்கு அனுப்பிய சேமிப்பு என அவர் அதனை வகைப்படுத்தினார். 1867-70 காலத்து அரசுப் புள்ளிவிவரங்களைக் கொண்டு, பிரித்தானிய இந்தியாவில் ஆள் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் எனக் கணக்கிட்டார். சிறைக்கைதி ஒருவரின் உணவுக்கும் உடைக்கும் அரசே செலவிட்ட தொகையோடு இதனை ஒப்பிட்டுக் காட்டினார். குற்றம் செய்தவருக்குக் கிடைத்த சோறு, குற்றமின்றி உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதே அந்த ஒப்பீட்டின் முடிவு.

இப்போக்கைக் குறிக்க அவர் ஆண்ட ஆங்கிலச் சொல் ‘டிரெயின்’ என்பது. தமிழில் இது ‘வடிகால் கோட்பாடு’ எனவும், ‘செல்வச் சுரண்டல் கோட்பாடு’ எனவும், ‘செல்வ வெளியேற்றம்’ எனவும் வழங்குகிறது. இவற்றுள் ‘வடிகால்’ பொருந்துவதன்று. தமிழ் உழவர்க்கு வடிகால் என்பது பயிரைக் காப்பது. மிகையான நீரை அப்புறப்படுத்துவது. உருவகமாக வழங்கும்போதும் மனக்குமுறலுக்கு ஆறுதல் தரும் வழியையே அது குறிக்கிறது. இழப்பின் சாயல் அச்சொல்லில் இல்லை. ‘சுரண்டல்’ இழப்பை உணர்த்துகிறது. ஆயினும் அது வேறொரு கோட்பாட்டின் கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. உழைப்புக்கும் முதலுக்கும் உள்ள உறவைக் குறிப்பது. நௌரோஜி பேசியது நாட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள கணக்கைப் பற்றி. ‘வெளியேற்றம்’ குற்றமற்ற சொல். ஆனால் உருவகம் அதில் மறைந்துவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் ஆற்றல் அதன் இலக்கண இருமையில் உள்ளது. அது தானே நிகழ்வதையும் குறிக்கும்; ஒருவர் செய்விப்பதையும் குறிக்கும். தமிழ் இவ்விரண்டையும் வினை வடிவிலேயே வேறுபடுத்துகிறது. நீர் வடிகிறது, கஞ்சியை வடிக்கிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. நௌரோஜியின் எழுத்துகளைக் கால வரிசையில் படிப்போர் ஒரு நகர்வைக் காண்பர். 1867இல் இங்கிலாந்தின் நற்பணிகளையும் ஒப்புக்கொண்டு, அதற்குரிய விலை இது என்னும் அளவில் நிதானமாகப் பேசுகிறார். 1904இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச சோசலிச மாநாட்டில் பேசும்போதோ, செய்வோரைச் சுட்டிக் குற்றஞ்சாட்டுகிறார். ஆங்கிலத்தில் சொல் மாறவில்லை. வினைமுதல் மட்டும் வெளிப்பட்டுவிட்டது. ‘செல்வம் வடிதல்’ என முற்பகுதிக்கும் ‘செல்வ வடிப்பு’ எனப் பிற்பகுதிக்கும் ஆளுவோமாயின், இந்நகர்வைத் தமிழ் வாசகர் காண இயலும். இதனை ஒரு பரிந்துரையாக இக்கட்டுரை முன்வைக்கிறது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு தொடர் ‘ஹோம் சார்ஜஸ்’ என்பது. லண்டனில் இந்தியாவின் பெயரால் செலவிடப்பட்ட தொகை இது. ‘தாயகக் கட்டணம்’ என்னும் மொழிபெயர்ப்பு நம் வரலாற்று நூல்களில் உண்டு. ‘தாயகம்’ என்றவுடன் தமிழ் மாணவர் மனத்தில் தோன்றுவது இந்தியா. மூலத்தில் அச்சொல் சுட்டுவதோ இங்கிலாந்தை. சுட்டின் மையம் பேசுவோரின் இருப்பிடம் என்பதை மறந்து பெயர்த்தால், பணம் சென்ற திசையே தலைகீழாகிவிடும். ‘இங்கிலாந்துச் செலவினம்’ எனப் பெயர்த்தல் அழகு குறைந்ததாயினும் உண்மைக்கு அணித்து.

5. பெயரும் நிறமும்

பரோடா அரசில் திவானாகவும், பம்பாய் மாநகராட்சியிலும் சட்டமன்றத்திலும் உறுப்பினராகவும் பணியாற்றிய பின்னர், 1886இல் லண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்றார். எதிராளி 3,651 வாக்குகள் பெற, நௌரோஜி 1,950 வாக்குகள் பெற்றுத் தோற்றார். அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

1888 நவம்பரில் எடின்பரோவில் பேசிய பிரதமர் சாலிஸ்பரி பிரபு, அத்தோல்வியை நினைவுகூர்ந்து, ஆங்கிலேயத் தொகுதி ஒன்று ஒரு கறுப்பு மனிதரைத் தேர்ந்தெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்படக் குறிப்பிட்டார். இக்கூற்றைத் தமிழாக்குவோர்க்கு உடனே ஓர் இடர் எழுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் மதிப்பின் அளவைக் காட்டும் விகுதி இல்லை. தமிழிலோ ‘கறுப்பு மனிதர்’ என்றால் மதிப்பு. ‘கறுப்பு மனிதன்’ என்றால் மதிப்பின்மை. ‘கறுப்பன்’ என்றால் இழிவு. மூலம் மறைத்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் வெளிப்படுத்தியே ஆக வேண்டும். சாலிஸ்பரியின் உள்ளத்தை இங்கு விகுதி ஒன்று தீர்மானிக்கிறது. அச்சொற்களுக்கு எழுந்த எதிர்ப்பைக் கொண்டு நோக்கின், அன்றைய கேட்போர் அவற்றை இழிவாகவே கொண்டனர் என்பது தெளிவு. எனவே அர் விகுதியை இட்டு மென்மைப்படுத்துதல் வரலாற்றுக்கு மாறானது.

அப்பேச்சு பேசியவர் எண்ணாத விளைவைத் தந்தது. நாளிதழ்கள் அதனைக் கண்டித்தும் எள்ளியும் எழுதின. நௌரோஜி பிரதமரைவிடச் சிவந்த நிறத்தவர் என்று சுட்டிக்காட்டியோரும் உளர். பலரும் அறியாதிருந்த ஒரு வணிகரின் பெயர் நாடெங்கும் பரவியது. ஆயினும் இவ்வெற்றியில் ஒரு கசப்பும் உண்டு. அவர் கறுப்பர் அல்லர் என்று காட்டி அவரைக் காத்தவர்கள், கறுப்பராயிருத்தல் குறை என்னும் அடிப்படையை அப்படியே விட்டுவிட்டனர்.

1892இல் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் நின்ற அவர் 2,961 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற பென்டன் பெற்றவை 2,956. வாக்கு வேறுபாடு ஐந்தே. நௌரோஜி என்னும் பெயரை ஒலிக்க இடர்ப்பட்ட லண்டன் மக்கள், அதனை ‘நேரோ மெஜாரிட்டி’ எனச் சிலேடையாக்கினர். ‘குறுகிய பெரும்பான்மை’ என்பது அதன் பொருள். ஒலிக்க அரிதான அயற்பெயர், மக்கள் வாயில் நகைச்சுவையாகி, அந்நகைச்சுவையின் வழியே அவர்களுக்கு உரியதாயிற்று.

இங்குப் பெயரைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். ‘தாதாபாய்’ என்பதே அவரது இயற்பெயர். ‘நௌரோஜி’ தந்தையின் பெயர். ‘புதுநாள்’ எனப் பொருள்படும் பாரசீக நவ்ரோஸ் என்னும் சொல்லோடு ‘ஜி’ என்னும் மதிப்பு ஒட்டுச் சேர்ந்து அமைந்தது. ஆங்கிலேயர் பிற்பெயரைக் குடும்பப்பெயராகக் கொண்டு ‘மிஸ்டர் நௌரோஜி’ என்றனர். அதாவது, வாழ்நாள் முழுவதும் அவரை அவருடைய தந்தையின் பெயரால் அழைத்தனர். தந்தை பெயரை முதலெழுத்தாக்கி முன்னே வைக்கும் தமிழர், வெளிநாடுகளில் இன்றும் எதிர்கொள்ளும் நிலை இதுவே. ‘இந்தியாவின் முதுபெரும் மனிதர்’ என்று அவருக்கு வழங்கும் பட்டமும், ஆங்கிலத்தில் முதலில் கிளாட்ஸ்டனுக்கு வழங்கியதே. தமிழ் வடிவில் இத்தொடர்பு புலப்படுவதில்லை.

நாடாளுமன்றத்தில் அவர் அவெஸ்தாத் திருமறையைக் கையிற்கொண்டு உறுதிமொழி ஏற்றார். இந்திய வம்சாவளித் தொடர்புடைய டைஸ் சோம்பர் 1841இல் சட்பரி தொகுதியில் வென்று மறு ஆண்டே பதவி இழந்தவர். எனினும் இந்தியாவுக்காகப் பேசுவதற்கென்றே அவைக்குச் சென்ற முதல் இந்தியர் நௌரோஜியே. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இந்தியாவிலும் இங்கிலாந்திலும் ஒரே காலத்தில் நடத்த வேண்டும் என்னும் தீர்மானம் 1893 ஜூன் 2ஆம் நாள் மக்களவையில் நிறைவேறியதில் அவர் பங்கு பெரிது. அரசு அதனைச் செயற்படுத்தவில்லை. அத்தேர்வு இந்திய மண்ணில் முதன்முதலாக நடந்தது 1922இல். அப்போது நௌரோஜி மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

1895 தேர்தலில் அவர் தோற்றார். ஆயினும் இந்தியச் செலவினங்களை ஆராய அவ்வாண்டு அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் உறுப்பினரானார். 1897இல் அவ்வாணையத்தின் முன் சான்றளிக்க லண்டன் சென்றோருள் ‘சுதேசமித்திரன்’ நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். செல்வம் வடியும் கணக்கு தமிழ் இதழியலின் முன்னோடி ஒருவரை நேரே எட்டிய தருணம் அது.

6. ஓர் எதிர்மறை முன்னொட்டு

1901ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் இந்தியாவின் வறுமையோடு ‘அன்-பிரிட்டிஷ்’ ஆட்சி என்னும் தொடரும் இடம்பெற்றது. இதனைத் தமிழில் பெயர்ப்பது எளிதன்று. ‘பிரிட்டிஷ் அல்லாத ஆட்சி’ என்றால் பிரித்தானியர் அல்லாத வேறு எவரோ நடத்திய ஆட்சி என்று பொருள்பட்டு, நூலின் கருத்தே சிதையும். தமிழில் ‘அல்’ என்னும் அடி ஒன்று மற்றொன்றன்று என மறுப்பது. ‘இல்’, ‘அற்ற’ என்பன ஒன்றன் இருப்பை மறுப்பன. இங்கு மறுக்கப்படுவது ஆட்சியாளரின் இனம் அன்று. அவர்களிடம் இருப்பதாகச் சொல்லப்படும் நேர்மை. ஆகவே ‘பிரித்தானியப் பண்பற்ற ஆட்சி’ என்பதே ஏற்புடையது.

இத்தொடரின் ஆற்றல் அதன் முற்கோளில் உள்ளது. ஓர் ஆட்சியைப் பிரித்தானியப் பண்பற்றது என்று கூறுவதற்குப் பிரித்தானியப் பண்பு ஒன்று உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனை மறுக்கும் ஆங்கிலேயர் தம் பெருமையையே மறுத்தவராவர். ஒப்புக்கொண்டாலோ குற்றச்சாட்டும் உடன் நிற்கும். கடனாளியின் கையெழுத்தையே சான்றாகக் காட்டும் வணிகரின் உத்தி இது. இதற்கு ஒரு விலையும் உண்டு. எதிராளியின் அளவுகோலைக் கொண்டே அளப்பவர், அந்த அளவுகோல் செம்மையானது என்பதற்கும் சான்று கூறியவராகிறார். அடுத்த தலைமுறையினர் அவரோடு மாறுபட்டது இங்கேதான்.

7. சுயராஜ்யம்

1906இல் லாம்பெத் தொகுதித் தேர்தலில் தோற்ற அவர், அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு மூன்றாம் முறையாகத் தலைமை தாங்க அழைக்கப்பட்டார். மிதவாதிகளும் தீவிரவாதிகளும் பிளவுறும் நிலையில் இருந்தனர். இரு சாராரும் மறுக்க இயலாத ஒருவர் தேவைப்பட்டார். எண்பத்தொரு வயதில் குரல் தளர்ந்திருந்தமையால் அவரது தலைமையுரையைக் கோகலே படித்தார். அவ்வுரையில், காங்கிரசின் நோக்கம் ‘சுயராஜ்’ என்னும் சொல்லால் குறிக்கப்பட்டது.

அச்சொல் அவர் ஆக்கியதன்று. மராத்திய அரசியல் வழக்கிலும் தயானந்த சரஸ்வதியின் எழுத்திலும் அது முன்னரே வழங்கியது. காங்கிரசின் தலைமை மேடையிலிருந்து, ஆங்கில உரையின் நடுவே, இந்திய மொழிச் சொல் ஒன்று இயக்கத்தின் குறிக்கோளாக அறிவிக்கப்பட்டதே புதுமை. அவர் அதனை ஐக்கிய இராச்சியத்தில் உள்ளது போன்றதோ, குடியேற்ற நாடுகளில் உள்ளது போன்றதோ ஆன தன்னாட்சி என விளக்கினார். ‘அல்லது’ என்னும் பொருள்பட்ட அந்த இணைப்பிடைச்சொல்லில் இரண்டு வேறு அரசியல்கள் அடங்கியிருந்தன. ஐக்கிய இராச்சியம் முழு இறைமையுடையது. கனடா போன்ற குடியேற்ற நாடுகள் பேரரசுக்கு உட்பட்டவை. தீவிரவாதிகள் முன்னதைக் கேட்டனர். மிதவாதிகள் பின்னதைக் கேட்டனர். ஓராண்டு அவ்விடைச்சொல் இரு சாராரையும் பிணைத்து வைத்தது. 1907 டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தது.

அக்கல்கத்தா மாநாட்டுக்குச் சென்ற தமிழருள் பாரதியும் ஒருவர். தமிழ் இதழ்களில் ‘ஸ்வராஜ்யம்’, ‘சுயராஜ்யம்’ எனச் சொல் வேரூன்றியது. பின்னாளில் ‘தன்னாட்சி’ என்னும் தனித்தமிழ் வடிவம் எழுந்தது; ஆனால் அது 1916ஆம் ஆண்டு ‘ஹோம் ரூல்’ இயக்கத்துக்கும் பெயராயிற்று. ‘சுயாட்சி’ மாநில உரிமையைக் குறிக்கும் சொல்லாகத் திரிந்தது. ஆகவே 1906ஆம் ஆண்டுச் சொல்லைப் பெயர்க்கும்போது ‘சுயராஜ்யம்’ என்பதையே வைத்துக்கொள்ளுதல் நன்று. அச்சொல்லின் பொருள் மயக்கமே அதன் வரலாறு. தெளிவான சொல்லை இட்டால் வரலாறு மறையும்.

8. முடிவுரை

நௌரோஜி 1907இல் இந்தியா திரும்பினார். 1917ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பம்பாயில் மறைந்தார். அவருக்குப் பின் பௌநகரீ 1895இலும் சக்லத்வாலா 1922இலும் பிரித்தானிய மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் பார்சிகளே, ஆனால் முன்னவர் கன்சர்வேட்டிவ் கட்சியினர், பின்னவர் பொதுவுடைமையர். குடியேறிய சிறுபான்மையினர் ஒரே அரசியலைத்தான் பேசுவர் என்னும் பொதுக்கருத்தை இம்மூவர் வாழ்க்கையும் மறுக்கிறது.

மேற்கண்ட ஆய்விலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படும். ஒன்று: நௌரோஜியின் அரசியல் மொழி வணிகக் கணக்கின் மொழியிலிருந்து கிளைத்தது, கடன், வரவு, ஈடு என்பன அவரிடம் உருவகங்கள் அல்ல, நேர்ப்பொருளில் ஆண்ட சொற்கள். அவற்றை உணர்ச்சிச் சொற்களாக மாற்றிப் பெயர்த்தால் வாதத்தின் வலிமை குன்றும். இரண்டு: தாய்மொழியன்றி வேறொரு மொழியில் நின்று உரிமை கேட்போர், அம்மொழி தரும் முற்கோள்களையும் உடன் ஏற்க நேர்கிறது. நௌரோஜி ஐம்பதாண்டுக் காலம் ஆங்கிலத்தின் அளவுகோலைக் கொண்டே ஆங்கிலேயரிடம் வழக்காடினார். இறுதியில் தம் கோரிக்கைக்குப் பெயரிட வேண்டியபோது, அந்த அளவுகோலில் இல்லாத ஒரு சொல்லை நாடினார். குஜராத்திப் பேராசிரியராயிருந்தவர் அச்சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்ததை, மொழிபெயர்ப்பாளராகிய நாம் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.